பஞ்சுருட்டானின் மண் வீடு

பறவைக்கு வீடு மரம் என்பது பொதுவான எண்ணம். காகம் கிளைகளின் கவரிலே சுள்ளியடுக்கிக் கூடு கட்டுகிறது. தூக்கணாங்குருவி பனையோலையின் நுனியிலே தொட்டில் பின்னித் தொங்கவிடுகிறது. கிளியும் மைனாவும் பட்டுப்போன பனையின் பொந்தை நாடுகின்றன. ஆனால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டங்களிலும் தரவைகளிலும் மணல் வெளிகளிலும் நாள்தோறும் காணப்படும் ஒரு சிறு பறவை இவ்வழக்கத்துக்கு முற்றும் மாறானது. பகல் முழுவதும் வானத்திலே பறந்து இரை தேடும் அது, முட்டையிடும் காலம் வந்ததும் நிலத்தைக் குடைந்து, இருளான ஒரு வளைக்குள்ளே தன் குடும்பத்தை வளர்க்கிறது. அதற்குப் பஞ்சுருட்டான் என்பது பெயர். கட்டலான் குருவி என்று வழங்குவோரும் உளர்.

இப்பறவையை நேயர்களிற் பலர் கண்டிருப்பர். பெயர் தெரியாது விட்டிருத்தலும் கூடும். வேலிக் கதியாலின் நுனியிலோ, துலாவின் முனையிலோ, வீதியோரத்து மின்கம்பியிலோ நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். உடல் முழுவதும் தளிரின் பச்சை. தலையும் பிடரியும் பொன்கலந்த செம்மை. தொண்டையிலே நீலச் சாயல். அதன் கீழே கழுத்தணிபோல் ஒரு கறுப்புக் கோடு. அலகின் அடியிலிருந்து கண்ணை ஊடறுத்துச் செல்லும் மற்றொரு கறுப்புக் கோடு மை தீட்டியதுபோல் தோன்றும். அலகு மெலிந்து நீண்டு சற்றே வளைந்தது. வாலின் நடுவிலுள்ள இரண்டு இறகுகள் மற்றவற்றைத் தாண்டி இரு கம்பிகள்போல் நீண்டு நிற்கும். இந்தக் கம்பிகளை நீக்கிப் பார்த்தால் பறவையின் நீளம் ஏறக்குறைய 7 அங்குலம். நிறையோ 20 கிராமுக்கு மேற்படுவது அரிது. இவ்வளவு சிறிய உயிர், நஞ்சுடைய கொடுக்கைக் கொண்ட தேனீயையும் குளவியையும் நாளாந்த உணவாகக் கொள்கிறது என்பது வியப்புக்குரியது.

அது வேட்டையாடும் முறை காண்பதற்கு இனியது. நாற்புறமும் தெளிவாகத் தெரியக்கூடிய ஓர் இருக்கையைப் பறவை தெரிந்துகொள்கிறது. இலையடர்ந்த கிளையை அது விரும்புவதில்லை. மொட்டைக் கொம்பு, வேலித்தடி, கம்பி என்பனவே அதற்கு ஏற்றவை. பறந்து செல்லும் பூச்சி கண்ணிற் பட்டதும் அம்புபோற் பாய்கிறது. அலகின் நுனியாற் பூச்சியைக் கவ்வியதும் சிறகை விரித்து, வளைந்து மிதந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து அமர்கிறது. அவ்வாறு மிதக்கும்போது சிறகின் அடியிலுள்ள செம்பு நிறம் வெயிலில் மின்னுவதைக் காணலாம். தும்பி, ஈ, வண்டு, அந்துப்பூச்சி, சிறகு முளைத்த எறும்பு, ஈசல் ஆகிய யாவும் அதற்கு இரையாகும். நிலத்தில் ஊர்ந்து திரியும் பூச்சியைப் பெரும்பாலும் அது பொருட்படுத்துவதில்லை.

தேனீயைப் பிடித்தபோது பஞ்சுருட்டான் செய்யும் வேலையே தனி. பிடித்த பூச்சியை உடனே விழுங்கிவிடாமல், முதலிலே அதன் தலையைக் கிளையில் அடித்து அதனைச் செயலிழக்கச் செய்கிறது. பின்னர் அலகிலே புரட்டி, வயிற்றின் பின்முனை வெளியே தெரியுமாறு பிடித்துக்கொண்டு, அம்முனையைக் கிளையின் மேல் விரைவாகத் தேய்க்கிறது. தேய்க்கும்போது கண்களை மூடிக்கொள்வதும் உண்டு. தேய்க்கத் தேய்க்கக் கொடுக்கு சிதைந்து, நஞ்சு வெளியே பிதுங்கிக் கிளையிற் படிந்துவிடுகிறது. அதன்பின்பே பறவை இரையை விழுங்குகிறது. பஞ்சுருட்டான்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹிலாரி பிரை என்னும் ஆங்கிலேய அறிஞர், நைஜீரியாவில் வாழும் செந்தொண்டைப் பஞ்சுருட்டானை வைத்து இச்செயலை நுணுகி நோக்கினார். கொடுக்குள்ள பூச்சியையும் கொடுக்கில்லாத பூச்சியையும் பறவை பிரித்தறிந்து நடத்துகிறது என்பதை 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அவர் விளக்கினார். தும்பியையும் வண்டையும் அடித்துக் கொன்றால் அதற்குப் போதும். தேய்க்கும் வேலை நஞ்சுடையவற்றுக்கே உரியது.

தேனீயை உண்ணும் காரணத்தால் இப்பறவை நெடுங்காலமாகப் பழி சுமந்து வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதன் பெயரே தேனீ தின்னி என்று பொருள்படுவது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே, தேனீ வளர்ப்போர் தேன்கூடுகளின் அயலிலிருந்து குளவிக் கூடுகளோடு இப்பறவையின் கூடுகளையும் அகற்றிவந்தனர் எனக் குறித்துள்ளார். இக்காலத்திலும் தேனீப் பெட்டி வைத்திருப்போர் சிலர் இதனைப் பகையெனவே கருதுகின்றனர். இக்கருத்தில் எவ்வளவு உண்மையுண்டு என்று ஆராய்வது நன்று.

பஞ்சுருட்டான் உண்ட பூச்சிகளின் ஓடும் சிறகும் அதன் வயிற்றிற் செமிப்பதில்லை. அவற்றைச் சிறு உருண்டைகளாக அது வெளியே கக்கிவிடுகிறது. இருக்கையின் கீழே கிடக்கும் அவ்வுருண்டைகளைப் பிரித்துப் பார்த்து, பறவை எவ்வகைப் பூச்சிகளை உண்டது என்பதை அறிஞர் கணிக்கின்றனர். தேனீயின் பங்கு இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் வேறுபடுகிறது. எது மிகுதியாகப் பறக்கிறதோ அதனையே பறவை மிகுதியாகப் பிடிக்கிறது. ஒரு தேனீக் குடியிருப்பிலே பல்லாயிரம் பணித்தேனீக்கள் உண்டு. அவை சில கிழமைகளே வாழ்வன. இறப்பவற்றின் இடத்துக்குப் புதியவை நாள்தோறும் பிறக்கின்றன. ஆதலால் வேலியோரத்திலுள்ள ஒரு சோடிப் பறவைகளினால் வலுவான குடியிருப்பு அழிந்துவிடுவதில்லை. அன்றியும், தேனீக்களை வேட்டையாடும் குளவிகளையும் இப்பறவை உண்கிறது. பயிருக்கு ஊறு செய்யும் வண்டும் அந்தும் அதன் வயிற்றுக்குள்ளேயே போகின்றன.

எனினும், தொல்லையே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. கலியாணப் பறப்புக்காக வெளியே வரும் இராணித் தேனீ பறவையின் அலகில் அகப்பட்டால் குடியிருப்பே கலங்கிவிடும். பறவைகள் கூட்டமாக வந்து பெட்டிகளின் அருகே தங்கினால், தேனீக்கள் அஞ்சி வெளியே செல்லாது அடங்கிக் கிடப்பதும் உண்டு. இதற்கு மருந்து பறவையைக் கொல்வதன்று. பெட்டிகளைக் கம்பிக்கும் மொட்டை மரத்துக்கும் விலக்கி, கவிந்த மரநிழலிலே வைத்தால், திறந்த வெளியில் வேட்டையாடிப் பழகிய பஞ்சுருட்டானுக்கு அங்கே பாய்ந்து பிடிக்கும் வசதி குறைந்துவிடும்.

இனி, இப்பறவையின் வாழ்வில் மிக இன்றியமையாத பகுதியாகிய அதன் வீட்டைப் பற்றிப் பார்க்கலாம். குடாநாட்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாரியிலே பெய்கிறது. அப்போது நிலம் ஊறிக்கிடக்கும்; வளை தோண்டினால் வெள்ளம் புகுந்துவிடும். மாரி ஓய்ந்து, நிலம் உலர்ந்து, கோடை தொடங்கிய பின்னரே பஞ்சுருட்டான்கள் மண்ணைத் தேடுகின்றன. பங்குனி முதல் ஆனி வரையுள்ள மாதங்களே பெரும்பாலும் அவை குடும்பம் நடத்தும் காலம். ஆணும் பெண்ணும் ஒன்றாகவே வேலையிலே ஈடுபடுகின்றன. அலகினால் மண்ணைக் குத்தி இளக்கி, சிறு கால்களினால் பின்னோக்கி உதைத்து வெளியே தள்ளுகின்றன. அவ்வாறு உருவாகும் வளை 2 அடி முதல் 5 அடி வரை உள்ளே செல்லும். அதன் கோடியிலே சற்று அகன்ற ஓர் அறை உண்டு. அவ்வறையில் வைக்கோலும் இல்லை, பஞ்சும் இல்லை. வெறும் மண்ணின்மேல் மூன்று முதல் ஐந்து வரையான முட்டைகளைத் தாய்ப்பறவை இடுகிறது. அவை ஏறக்குறைய உருண்டை வடிவின, பளபளக்கும் வெண்ணிறத்தன. வெளியே கூடு கட்டும் பறவைகள் பலவற்றின் முட்டையிலே புள்ளியும் கோடும் இருப்பது பகைவரின் கண்ணுக்குத் தப்புவதற்காகும். இருளறையில் இடப்படும் முட்டைக்கு அத்தகைய மறைப்பு வேண்டியதில்லை.

முட்டைகளை ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கின்றன. ஏறக்குறைய இரண்டு கிழமைகளிற் குஞ்சுகள் வெளிவருகின்றன. முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாத்தல் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் யாவும் ஒரே நாளிற் பொரிப்பதில்லை. மூத்தது பெரிதாகவும் கடைசிக் குஞ்சு சிறிதாகவும் இருக்கும். இரை நிறையக் கிடைக்கும் ஆண்டில் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். இரை குறைந்தாற் கடைக்குட்டியே முதலில் மடியும். பின்னும் மூன்று நான்கு கிழமைகள் குஞ்சுகள் வளைக்குள்ளேயே இருந்து இரை பெறுகின்றன. தோண்டத் தொடங்கும் நாள் முதலாகக் குஞ்சு பறக்கும் நாள் வரையும் கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. அவ்விரண்டு மாதமும் அந்த ஒரு முழ மண் அசையாதிருக்க வேண்டும். குடும்பத்தின் வாழ்வு முழுவதும் அதனையே பொறுத்திருக்கிறது.

மண்ணுக்குள் வைத்த செல்வத்துக்குப் பகைவர் பலர். பாம்பு நுழையும், உடும்பு தோண்டும், கீரியும் நாயும் மோப்பம் பிடிக்கும். இவற்றுக்கு இடம் காட்டாதிருப்பதே பறவைக்குள்ள ஒரே பாதுகாப்பு. அதற்காக அது கையாளும் எச்சரிக்கையைப் புனே நகரைச் சேர்ந்த மிலிந்த் வாட்வே என்னும் அறிஞரும் அவருடன் பணிபுரிந்தோரும் ஆராய்ந்தனர். அந்த ஆய்வின் முடிவு 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குடாநாட்டில் வாழும் அதே பச்சைப் பஞ்சுருட்டானே அவர்கள் ஆராய்ந்த பறவை. வளையின் அயலில் ஒரு மனிதர் நின்றால், வாயில் இரையோடு வந்த பறவை வளைக்குள் நுழையாமற் காத்திருந்தது. இது எதிர்பார்க்கத் தக்கதே. ஆனால், அதே தூரத்தில், வளையின் வாயில் அவருடைய கண்ணுக்குத் தெரியாதவாறு ஒரு மறைப்பு இருக்கும் இடத்தில் அவர் நின்றபோது, பறவை தயங்காமல் உள்ளே சென்றது. பறவையின் கண்ணுக்கு இரு இடங்களிலும் அவர் தெரிந்தார். வேறுபாடு அவர் எதைக் காணக்கூடும் என்பதிலேயே இருந்தது. மற்றோர் உயிர் நிற்கும் இடத்திலிருந்து எது தெரியும், எது தெரியாது என்று கணிக்கும் ஆற்றல் இச்சிறு பறவைக்கு ஓரளவு உண்டு என்பதையே இது உணர்த்துகிறது.

குடாநாட்டுக்கு வரும் மற்றொரு பஞ்சுருட்டானும் உண்டு. அதற்கு நீலவால் பஞ்சுருட்டான் என்று பெயர். பச்சைப் பஞ்சுருட்டானிலும் பார்க்கப் பெரியது, தொண்டை செங்கபிலம், வால் நீலம். ஆவணி, புரட்டாதி மாதங்களில் வடக்கேயிருந்து இலங்கைக்கு வந்து, பங்குனி சித்திரையில் திரும்பிச் செல்லும் விருந்தாளி அது. மாரி காலத்தில் வயல்வெளிகளுக்கும் கடல்நீரேரிகளுக்கும் மேலே, இனிய குரலெழுப்பிக்கொண்டு தும்பிகளைத் துரத்தும் கூட்டங்கள் இவ்வினத்தவையே. கிழக்கிலங்கையில் இவற்றுட் சில தங்கிக் கூடமைப்பதும் பதிவாகியுள்ளது. இலங்கையின் ஈரவலயத்திலும் மலையடிவாரங்களிலும் செந்தலைப் பஞ்சுருட்டான் வாழ்கிறது. அதற்கு வாற்கம்பிகள் இல்லை. ஐரோப்பியப் பஞ்சுருட்டான் எப்போதாவது வந்து செல்லும் அரிய விருந்தாளி. ஆகவே இலங்கையிற் காணப்படும் இனங்கள் நான்கு. கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கைப் பறவை வழிகாட்டி நூல், பறவை நோக்குவோர் பல தலைமுறையினருக்கு இவற்றையெல்லாம் அறிமுகஞ் செய்து வைத்தது.

உலகம் முழுவதிலும் ஏறக்குறைய 30 வகைப் பஞ்சுருட்டான்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் தாயகம் ஆபிரிக்கா. கெனியா, உகண்டா, ருவாண்டா, தன்சானியா ஆகிய நாடுகளின் உயர்ந்த மலைக்காடுகளிலே இலவங்கப்பட்டையின் நிறத்தில் மார்பையுடைய ஒரு பஞ்சுருட்டான் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே, குளிரும் பனிமூட்டமும் நிறைந்த காட்டோரங்களில் அது வாழ்கிறது. வெப்பமும் வெளியும் நிறைந்த யாழ்ப்பாணத்துக்கும் அந்த மலைக்காட்டுக்கும் எவ்வித ஒற்றுமையும் இல்லை. சுற்றிலும் வானளாவிய மரங்கள் நிற்க, அந்தப் பறவை மரத்திற் கூடு கட்டுமோ என்றால், அதுவும் இல்லை. காட்டுக்குள்ளே மண் சரிந்த கரையையோ, வீதி அமைப்பதற்காக மலைச்சரிவை வெட்டிய இடத்தின் செங்குத்தான மண்சுவரையோ தேடிச் சென்று, அங்கேயே அது வளை குடைகிறது. காடு எவ்வளவு செழித்திருந்தாலும், அதன் நடுவே புல்மூடாத ஒரு துண்டு மண் இல்லையாயின் அதற்கு மனையில்லை. இக்குலம் முழுவதற்கும் உள்ள விதி அதுவே.

மண்கரை அரிதான பொருளாதலால் அதனைச் சுற்றியே இப்பறவைகளின் சமூக வாழ்க்கையும் அமைந்திருக்கிறது. கெனியா நாட்டின் நகூரு ஏரிப் பகுதியில் வெண்ணெற்றிப் பஞ்சுருட்டான்கள் ஒரே கரையில் நெருக்கமாக வளைகள் அமைத்துப் பெருங்குடியிருப்பாக வாழ்கின்றன. எம்லன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய துணையாய்வாளரும் அங்கே பறவைகளுக்கு அடையாளமிட்டுப் பல ஆண்டுகள் கவனித்தனர். வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு உதவியாக நின்று இளைய குஞ்சுகளுக்கு இரையூட்டுவதை அவர்கள் கண்டனர். அதனினும் விந்தையான ஒன்றை 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மகன் தனிக்குடித்தனம் தொடங்க முயலும்போது, தந்தைப் பறவை சென்று அவன் வளையின் வாயிலை மறித்தும், அவன் துணைக்கு அவன் ஊட்டும் இரையிலே தலையிட்டும் இடையூறு செய்கிறது. மகன் சலித்துத் தன் முயற்சியைக் கைவிட்டு, தந்தையின் வளைக்கே திரும்பித் தம்பி தங்கையருக்கு இரை சுமக்கிறான். பச்சைப் பஞ்சுருட்டானிடத்தும் சில கூடுகளில் மூன்றாவது பறவையொன்று துணைநிற்பதை இந்திய ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். இரவில் இவை ஒரே மரத்திற் கூட்டமாகத் தங்குவதும், கிளையிலே தோளோடு தோளாக நெருங்கி வரிசையாக உட்காருவதும் இந்தக் கூட்டுவாழ்வின் அடையாளங்களே.

இனி மீண்டும் குடாநாட்டு மண்ணுக்கு வருவோம். வலிகாமத்தின் செம்பாட்டு நிலம் சுண்ணாம்புக்கல்லின் மேற் படிந்தது. மண் ஆழமாக உள்ள இடத்தில் வளை அமையும். கல் மேலெழுந்த இடத்தில் அமையாது. வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் மணற்பாங்கான நிலம் மிகுதி. வடமராட்சி கிழக்கிலே குடத்தனை, மணற்காடு, நாகர்கோவில் ஆகிய ஊர்களின் அயலில் உயர்ந்த மணற்கும்பிகள் உண்டு. ஆயினும் எல்லா மணலும் பறவைக்கு உதவாது. காற்றில் அலையும் புதுமணலிலே வளை தோண்டினால் உடனே இடிந்து மூடிவிடும். வேர் பின்னி, ஓரளவு இறுகி நிற்கும் மணலே அதற்கு வேண்டும். அந்த இறுக்கத்தை உண்டாக்குவன அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் அவற்றையொத்த கடற்கரைச் செடிகளுமாகும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது யாழ்ப்பாணத்தார் வாயிலே பழகிய பழமொழி. அக்கொடி திரண்ட இடத்திலே மணலும் திரண்டு நிற்கிறது. மணல் நிற்கும் இடத்திலே பறவையும் குடியேறுகிறது.

அந்த மணலுக்கு மனிதரிடத்திலும் தேவை உண்டு. 2009ஆம் ஆண்டிலே போர் முடிவுற்றபின், இடிந்த வீடுகளும் பாடசாலைகளும் வீதிகளும் மீண்டும் எழுந்தன. அவற்றைக் கட்டுவதற்கு மணல் வேண்டியிருந்தது. வீடிழந்தவர் வீடு கட்டுவதைக் குறைகூறுதல் யாருக்கும் ஆகாது. ஆனால் தேவைக்கு அப்பால், அனுமதிப் பத்திரம் இன்றி, இரவோடிரவாக மணற்கும்பிகளை வெட்டி உழவு இயந்திரங்களிலும் டிப்பர் வண்டிகளிலும் ஏற்றிச் செல்லும் வழக்கமும் வேரூன்றிவிட்டது. மணல் அகழ்வதற்கு அனுமதி பெறவேண்டும் என்பது 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் பற்றிய சட்டத்தின் விதி. வடமராட்சி கிழக்கின் மக்கள் இதனை எதிர்த்துப் பலமுறை குரல் எழுப்பியுள்ளனர். அவர்கள் அஞ்சுவது பறவைக்காக மட்டுமன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை புகுந்த கரை அது. மணற்கும்பியே கடலுக்கும் ஊருக்கும் இடையிலுள்ள அரண். மழைநீரை உறிஞ்சி நன்னீராகத் தேக்கிவைப்பதும் அந்த மணலே. மணல் போனால் கிணற்றில் உவர் ஏறும்.

இவ்விடத்திலே பஞ்சுருட்டானின் அவலம் நுட்பமானது. மணல் வெட்டிய குழியின் செங்குத்தான முகம் பறவையின் கண்ணுக்குச் சிறந்த மனையாகத் தோன்றுகிறது. ஆபிரிக்க மலைக்காட்டில் வீதிவெட்டை நாடும் அதன் உறவினரைப் போலவே அதுவும் அம்முகத்தை நாடி வளை குடைகிறது. கோடை மாதங்களிலேதான் மணல் அள்ளுவதும் எளிது. அடுத்த முறை மண்வெட்டியோ இயந்திரமோ வரும்போது முகம் சரிகிறது. முட்டையும் குஞ்சும் மண்ணிற் புதைந்துபோகின்றன. மரத்தை வெட்டும்போது கூடு விழுந்தால் கண்டு இரங்குவோர் உண்டு. மண்ணுக்குள் மடியும் கூட்டைக் காண்போர் எவரும் இல்லை. தாய்ப்பறவை அருகிலுள்ள கம்பியில் இரையுடன் நெடுநேரம் காத்திருப்பது ஒன்றே அங்கு நிகழ்ந்ததற்கு அடையாளம்.

இவ்வழிவைத் தவிர்ப்பது அரிய காரியமன்று. ஐரோப்பாவில், குறிப்பாக ஜேர்மனியில், மணற்குழிகளிற் பஞ்சுருட்டான்கள் கூடமைக்கும்போது, அந்த முகத்தை மட்டும் குஞ்சு பறக்கும் வரையில் வெட்டாது விட்டு, வேறு பக்கத்தில் வேலையைத் தொடரும் வழக்கம் உண்டு. வளையை அறிந்துகொள்வதும் எளிது. அதன் வாயில் வட்டமானது. ஏறத்தாழ 2 அங்குல அகலமுடையது. வாயிலின் முன்னே புதுமண் சிதறிக் கிடக்கும். பறவையின் இரு கால்களும் உரசி உண்டாக்கிய இரண்டு மெல்லிய பள்ளக்கோடுகள் வாயிலின் அடியிலே தெரிந்தால், அவ்வளை வெறுமையானதன்று. உள்ளே உயிர் உண்டு. தோட்டத்தில் கிணறு வெட்டிக் குவித்த மண்மேடு, குளக்கட்டின் சரிவு, வாய்க்காற்கரை, ஒழுங்கையோரத்து மண்வெட்டு ஆகிய இடங்களிலும் இவ்வடையாளத்தைக் காணலாம். அத்தகைய கரையைப் பங்குனி தொடக்கம் ஆனி வரை கொத்தாமலும் சமன்செய்யாமலும் விட்டுவிட்டால் போதும்.

மற்றுமொன்று. பூச்சி இல்லையேல் பூச்சியுண்ணும் பறவையும் இல்லை. வெங்காயம், மிளகாய், புகையிலை முதலியவற்றை ஆண்டு முழுவதும் பயிரிடும் குடாநாட்டுத் தோட்டங்களிற் பூச்சிகொல்லி மருந்து மிகுதியாகத் தெளிக்கப்படுகிறது. மருந்து பயிரை அரிக்கும் புழுவை மட்டுமன்றி, பூசணிக்கும் பாகலுக்கும் மகரந்தம் சேர்க்கும் தேனீயையும் கொல்கிறது. பஞ்சுருட்டானைத் தேனீயின் பகையென்று தூற்றுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பறவையும் தேனீயும் மனிதர் மருந்து தெளிக்கத் தொடங்குமுன் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஒரே வெளியில் வாழ்ந்தன. ஒன்றினால் மற்றொன்று அழிந்துவிடவில்லை. மாலையிலே, பூக்களில் தேனீ மொய்க்காத நேரத்திலே, வேண்டிய அளவுக்கு மட்டும் மருந்திடுதல் இரண்டையும் காக்கும்.

உயிர்களைக் காத்தல் என்றவுடன் மரம் நடுதல் ஒன்றே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அது நற்பணியே. ஆயினும் எல்லா உயிருக்கும் மரம் வீடாவதில்லை. புல்லும் பூண்டும் இன்றி வெறுமையாகத் தோன்றும் மண்கரையைப் பயனற்ற நிலமென்று எண்ணுவது தவறு. அந்த வெறுமைக்குள்ளே, ஒரு கை நீளத்துக்கு அப்பால், ஐந்து குஞ்சுகள் இரைக்காக வாய் திறந்து காத்திருக்கலாம். பச்சைப் பஞ்சுருட்டான் இன்று அரிய பறவையன்று. குடாநாட்டின் கம்பிகளிலும் வேலிகளிலும் அது இன்னும் நிறையவே உண்டு. அரிதாகிய பின்னர் தேடிக் காப்பதிலும், நிறைந்திருக்கும்போதே அதன் மண்ணை விட்டுவைப்பது எளிது.